ஒதிலியாவின் காரிடார்

ஜூலை இரண்டாவது வாரத்தில் எங்கள் கேமை விளையாடிப் பார்க்க எட்டுப் பேரை வரவழைத்தோம். எட்டுப் பேரும் சிரித்தார்கள். ஆளைப் பயமுறுத்துவதற்காகவே நாங்கள் இரண்டு வருஷம் உட்கார்ந்து செய்த கேம் அது. வந்தவர்களில் ஒரு பெண், திரையில் பேய் ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு வந்துகொண்டிருக்கும்போதே, கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "கீழ இருக்கிற சீனக் கடையில வறுத்த சோறு எத்தன மணி வரைக்கும் கெடைக்கும்?"

எங்கள் கம்பெனி லிமாவில், அந்தச் சீனச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தது. ஆறு பேர். ஆல்தோ பெயருக்குத்தான் முதலாளி, நாற்காலி போதாதபோது அவன்தான் எழுந்து நிற்பான். சத்தங்கள் என் வேலை. என் பெயர் இத்தாலோ. இடங்களைக் கட்டுவது நெரெய்தா. கேமுக்குள் வருகிற சுவர், கதவு, படிக்கட்டு, ஜன்னலில் விழுகிற வெளிச்சம் எல்லாம் அவள் கைவேலை. கேமை வெளியிட ஒத்துக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்கள் ஆகஸ்ட் முப்பதாம் தேதி பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

அந்த எட்டுப் பேரும் போன பிறகு ஆல்தோ கேட்டான்: "இன்னும் ரெண்டு பேயச் சேத்துடலாமா?"

"பேயப் பாத்துதான் சிரிக்கிறாங்க," என்றாள் நெரெய்தா. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மணி மூன்று. தினமும் மூன்று மணிக்கு அவள் வீட்டுக்குப் போயாக வேண்டும்.

வீட்டில் அவள் அம்மா ஒதிலியா இருந்தார். எழுபத்திரண்டு வயது. பிரேன்யா பேட்டையிலிருந்து துறைமுகம் வரைக்கும் போகிற மினி பஸ்ஸை பத்தொன்பது வருஷம் ஓட்டியவர். கிளர்ச்சிக்காரர்கள் மின்சாரக் கோபுரங்களுக்குக் குண்டு வைத்து ஊரே இருண்டு கிடந்த வருஷங்களில்கூட, வண்டி விளக்கு ஒன்றை மட்டும் நம்பி, பயணிகளை அவரவர் தெருமுனையில் இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம். அவர் பஸ்ஸில் குடிகாரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று அந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

மூன்று வருஷமாக அவருக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. பார்த்துக்கொள்ள வந்த பெண்களில் ஒருத்தியைக் கடித்தார். இன்னொருத்தி மேல் சுடுபாலை ஊற்றினார். மூன்றாமவள் காரணம் சொல்லாமலே நின்றுவிட்டாள். அதன் பிறகு மூன்று மணி வரைக்கும் எதிர்வீட்டு தெயோபிலோ ஐயா வந்து உட்கார்ந்திருப்பார். மனைவியை இழந்தவர், அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்றுக்குப் பிறகு நெரெய்தா வீட்டிலிருந்தபடியே வேலை செய்வாள்.

பகலில் ஒதிலியா ஒரு மாதிரி இருப்பார். சாயங்காலம்தான் கஷ்டம். லிமாவில் ஜூலையும் ஆகஸ்டும் குளிர்காலம், சூரியனை யாரும் பார்ப்பதில்லை. கழுதை வயிற்றின் சாம்பல் நிறத்தில் வானம் தொங்கிக்கொண்டிருக்கும், நாலரை மணிக்கு அந்த வெளிச்சமும் வடிய ஆரம்பிக்கும். அப்போதுதான் அவருக்குப் பாத்ரூம் போக வேண்டியிருக்கும். கூடத்திலிருந்து பாத்ரூமுக்கு ஒரு காரிடார். பன்னிரண்டு தப்படி இருக்கும். அதன் வாயில் வந்து, இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்.

"அங்க தண்ணி நிக்குது."

"தண்ணி இல்லம்மா. தரைதான். வா, நான் பிடிச்சிக்கிறேன்."

"அவ வேற நிக்கிறா."

"எவம்மா?"

நிலையை இன்னும் இறுகப் பிடிப்பார். இழுத்தால் அடிப்பார். கெஞ்சினால் அழுவார். கடைசியில் நின்ற இடத்திலேயே சிறுநீர் கால் வழியே இறங்கும். அது அவருக்குத் தெரியும், அதுதான் கொடுமை. தனி ஆளாக பஸ் டயர் மாற்றிய பெண்மணி, கவுனின் நுனியைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாதம்மா" என்று யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோல மகளிடம் சொல்வார். நெரெய்தா மண்டியிட்டுத் துடைப்பாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சில நாள் மூன்று.

அப்படித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் அவள் தலையைத் தூக்கி அந்தக் காரிடாரைப் பார்த்திருக்கிறாள். அதைப் பின்னால் என்னிடம் சொன்னாள்.

"அந்த நிமிஷம் எனக்கு அம்மா ஞாபகமே இல்ல இத்தாலோ. லைட்டத்தான் பாத்தேன். கடைசியில, பாத்ரூம் கதவுக்குப் பக்கத்துல ஒரே ஒரு ஜன்னல். அந்த வெளிச்சம் மெழுகு போட்ட தரையில விழுந்து, நெசமாவே தண்ணி மாதிரி இருக்கு. நடுவுல கறுப்பு மிதியடி, பாத்தா பள்ளம். சாமான் அறைக் கதவு முழுசா மூடாது, ஒரு சாண் தெறந்தே இருக்கும். பக்கத்துல கோட்டு மாட்டுற ஸ்டாண்டு, ஆள் உயரம். எதுவுமே இல்லாத இடம். ஆனா நம்ம எட்டுப் பேர்ல ஒருத்தன்கூட அம்மா பயந்த மாதிரி பயப்படல."

மறுநாள் காலையில் வந்ததும் கேமிலிருந்த பேய்களையெல்லாம் அழித்துவிட்டாள். ஆல்தோவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏழு மாசம் செஞ்சது நெரெ. என்ன காரியம் பண்ற?"

"பேய் வந்துட்டா அது இவ்ளோதான்னு தெரிஞ்சிடும், அப்புறம் பயம் இருக்காது. வரப்போகுதோன்னு நெனைக்க வைக்கிற இடம் வேணும். எனக்கு அந்த இடம் தெரியும். பத்து நாள் குடு."

அவள் கட்டியது அவள் வீட்டுக் காரிடார்தான். தரையின் பளபளப்பு, பாதி திறந்த கதவு, மிதியடி, கடைசி ஜன்னல். விளையாடுகிறவர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தால் போதும், வேறு வேலையே கிடையாது. சத்தத்துக்கு என்னைக் கூப்பிட்டாள். "எங்க வீட்டு ஃப்ரிட்ஜும் தண்ணி மோட்டாரும் வேணும். வேற எங்கயும் அது கெடைக்காது."

நான் மைக்கையும் ரெகார்டரையும் எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் ஒதிலியா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உள்ள நகருப்பா, படியில தொங்காத. பின்னாடி எடம் காலியாத்தான இருக்கு."

"சரிங்கம்மா," என்று உள்ளே நகர்ந்தேன்.

"சில்லறையா வெச்சிருக்கியா?"

"இருக்கும்மா."

"இருக்கும்னுதான் எல்லாரும் சொல்றாங்க," என்றார். நெரெய்தா சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஃப்ரிட்ஜைப் பதிந்தேன். கீழ்த்தளத்து மோட்டார் ஓட ஆரம்பிக்கும்போது சுவருக்குள்ளேயிருந்து யாரோ முனகுவதுபோல ஒரு சத்தம் எழும்பும், அதையும் பதிந்தேன். ஐந்தடிக்கக் கால் மணி இருக்கும்போது ஒதிலியா எழுந்து காரிடார் வாயில் போய் நின்றார். ரெகார்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மூச்சு மாறுவது என் ஹெட்ஃபோனில் கேட்டது. மூக்கால் விட்டது வாய்க்கு வந்தது, பிறகு சின்னச் சின்னதாக உடைந்தது, ஒரு இடத்தில் நின்றே போனது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை.

மறுநாள் ஆபீசில் நெரெய்தா அதை இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "போடு. விளையாடுறவங்களோட மூச்சா இதையே போடு" என்றாள்.

ஆகஸ்ட் பதினாறாம் தேதி புதிதாக ஐந்து பேரை வரவழைத்தோம். முதலில் உட்கார்ந்தவன் குத்துச்சண்டை பழகுகிறவன், கழுத்து என் தொடை கனத்துக்கு இருந்தது. காரிடார் வாய்க்கு வந்தான். நின்றான். எந்த விசையையும் அழுத்தவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். மோட்டார் முனகியது. நான்காவது நிமிஷம் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தான். "மன்னிச்சிக்கங்க, என்னால அங்க போக முடியல" என்றான்.

ஆல்தோ என்னைக் கட்டிப் பிடித்தான். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம், வெட்கமில்லாமல். நெரெய்தா மட்டும் தட்டவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பையனின் இடது கையை. நான்கு நிமிஷமும் அவன் மேஜை விளிம்பை இறுகப் பிடித்தபடி இருந்திருக்கிறான். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அவள் எழுந்து மாடிப்படிக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன்.

"அவன் ஹெட்ஃபோனக் கழட்டிட்டான் இத்தாலோ. அம்மா எதைக் கழட்டுவா?"

நான் அவளுக்கு ஒரு படி கீழே போய் நின்றேன்.

"உனக்கு ஒண்ணு தெரியாது. ஒரு மாசமா அந்தக் காரிடார நான் அப்படியே விட்டு வெச்சிருக்கேன். மிதியடிய எடுத்திருக்கலாம். எடுத்தா அதப் பாத்துக் கட்டி லெவல் முடிக்க முடியாதுன்னு விட்டேன். போன வாரம் ஒரு நாள்..." அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "கோட்டு ஸ்டாண்ட நானே ரெண்டடி முன்னால நகத்தினேன். என்ன ஆகுதுன்னு பாக்க. பாத்தேன். குறிப்பெழுதிக்கிட்டேன்."

அவள் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. தெயோபிலோ ஐயா.

அன்றைக்கு வானம் வழக்கத்தைவிட மப்பாக இருந்திருக்கிறது. இரண்டு மணிக்கே அந்தி மாதிரி. ஒதிலியாவுக்குப் பாத்ரூம் போக வேண்டும், காரிடாரில் போக முடியாது. ஆகவே வேறு வழி பார்த்திருக்கிறார். சமையலறையில் நாற்காலி போட்டு ஜன்னலில் ஏறியிருக்கிறார். அந்த ஜன்னலுக்கு வெளியே தரை கிடையாது. கட்டடத்தின் நடுவே வெளிச்சத்துக்காக விட்ட குழி, மூன்று மாடி ஆழம். அடுத்த பக்கம் தெரிந்தது அவர்கள் பாத்ரூம் ஜன்னல். தெயோபிலோ ஐயா பிடித்தது அவர் கவுனை. கவுன் கிழிந்தது, அதற்குள் இடுப்பைப் பிடித்துவிட்டார். எழுபத்தெட்டு வயது மனிதர்.

நாங்கள் போனபோது இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒதிலியாவின் கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிராய்த்திருந்தது. தெயோபிலோ ஐயா எழுந்திருக்கக்கூட முடியாமல், "வயசாயிடுச்சும்மா எனக்கு, இனிமே என்னை நம்பாத" என்று அழுதார்.

தூரத்துத் தாக்னா நகரில் இருக்கும் அண்ணன் வில்மெருக்கு அவளே போன் செய்து சொன்னாள். அவன் குரல் எனக்கும் கேட்டது.

"ஞாயித்துக்கெழம வர்றேன். திங்கக்கெழம கூட்டிட்டுப் போறேன். இங்க கன்யாஸ்திரீங்க விடுதி இருக்கு."

"புது எடத்துல அம்மா ஒரு வாரம் தாங்க மாட்டாண்ணா."

"இங்க தாங்கிட்டாளா? ஜன்னல்ல ஏற வெச்சிருக்க."

நெரெய்தா போனை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். கேமின் காரிடாரைத் திரையில் கொண்டுவந்து, அதைச் செய்தபோது எழுதிய குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "இதுல என்னெல்லாம் வெச்சேனோ, ஒண்ணொண்ணா எடுக்கணும். இன்னைக்கு வெள்ளி. ரெண்டு நாள் இருக்கு. நீ இருப்பியா?"

இருந்தேன்.

மிதியடியையும் ஸ்டாண்டையும் அந்த நிமிஷமே வெளியே கொண்டுபோய் வைத்தோம். தரை மெழுகை சோடாவும் கம்பிச் சுருளும் போட்டு, கை எரிய எரியத் தேய்த்து மங்க வைத்தோம். சாமான் அறைக் கதவைக் கீலிலிருந்தே கழற்றினேன். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியட்டும். கடைசி ஜன்னலுக்குத் தடித்த போர்வையை ஆணி அடித்து மாட்டி, காரிடார் நெடுகச் சமமான வெளிச்சம் வருகிற மாதிரி விளக்குகள் வைத்தோம். பாத்ரூம் கதவுக்கு நெரெய்தா மஞ்சள் பெயின்ட் அடித்தாள். நான் கீழே போய், கட்டடக் காவலாளியிடம் அரை மணி நேரம் வாதாடி, பழைய டயரை வெட்டி மோட்டாருக்கு அடியில் கொடுத்தேன். முனகல் நின்றது. பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றி, காரிடாரில் மெல்லிய பாட்டு ஓடவிட்டேன். ஒதிலியா வெலவெலத்துப்போய், "வீட்டுக்குள்ள எவனோ இருக்கான்" என்று தலையணைக்குப் பின்னால் பதுங்கினார். அணைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்திருந்தது. ஐந்து மணிக்கு ஒதிலியா எழுந்தார். காரிடார் வாய்க்கு வந்தார். இடது கை கதவு நிலைக்குப் போனது. நின்றார்.

நெரெய்தா எதிர்ச்சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் ஆனது. இன்னொரு நிமிஷம். பிறகு சிறுநீர் தரையில் பரவியது.

அவள் துடைக்கவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் என்ன இருக்கு? எல்லாத்தையும் எடுத்துட்டேனே. இத்தாலோ, இன்னும் என்னதான் இருக்கு அங்க?" அவள் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. "நான்தான செஞ்சேன். செஞ்சவளுக்கே தெரியலைன்னா யாருக்குத் தெரியும்?"

ஒதிலியா குனிந்து மகளைப் பார்த்தார். அது தன் மகள் என்று தெரிந்ததோ இல்லையோ, இரக்கப்பட்டார். ரகசியம் சொல்வதுபோல் சொன்னார்:

"அழாதம்மா. அவ போயிடட்டும். அவ போன அப்புறம் நாம போலாம்."

"எவ?"

ஒதிலியா விரலை நீட்டினார். நான் பார்த்தேன். வெறும் காரிடார். மஞ்சள் கதவு. ஆனால் நெரெய்தா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலை அம்மாவின் இடுப்பு உயரத்தில் இருந்தது. அவள் மெதுவாக எழுந்து, முழங்காலை மடக்கி, தன் கண்ணை அம்மாவின் கண்ணுக்குச் சமமாக வைத்துக்கொண்டாள். ஒதிலியா மிகவும் குள்ளம். நானும் அவளும் ஒரு தலை உயரம் அதிகம். ரொம்ப நேரம் அப்படியே பார்த்தாள்.

"பின்னால அந்தக் கூடத்து லைட்ட அணை," என்றாள்.

அணைத்தேன். தரையில் ஒதிலியாவின் காலடியிலிருந்து தொடங்கி காரிடார் நெடுக நீண்டு, மஞ்சள் கதவின்மேல் தலை வைத்துக் கிடந்த நிழல் காணாமல் போனது. அவருடைய நிழல்தான். அவர் நின்றால் நின்றது, அசைந்தால் அசைந்தது. கூடத்து விளக்கு எப்போதும் அவர் முதுகுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது, நாங்கள் வெளிச்சம் வேண்டும் என்று அன்றைக்கு அதில் இன்னும் பெரிய பல்பைப் போட்டிருந்தோம்.

ஒதிலியா கொஞ்சம் முன்னால் குனிந்து பார்த்தார். பிறகு நிலையை விட்டுவிட்டு நடந்தார். சுவரைத் தொடவில்லை. கதவைத் திறந்தார், மூடினார். நெரெய்தா வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து அதட்டல் வந்தது:

"பேப்பர் இல்ல இங்க. என்ன வீடு நடத்துறீங்க?"

வில்மெர் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வந்தான். பஸ்ஸில் இருபது மணி நேரம் உட்கார்ந்து வந்த முகம். தங்கையிடம் பேசவில்லை. அம்மா அவனைக் காலமாகிவிட்ட தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்கும் பதில் சொன்னான். சாயங்காலம் அம்மா மூன்று தடவை காரிடாரில் போய்த் திரும்புவதைப் பார்த்தான். நெரெய்தா தான் செய்ததையெல்லாம், ஸ்டாண்டை நகர்த்தியது உட்பட, அவனிடம் சொன்னாள்.

"இத நீ எனக்குச் சொல்லாமயே இருந்திருக்கலாம்," என்றான். திங்கட்கிழமை தனியாகத்தான் ஊருக்குப் போனான். போகும் முன் சமையலறை ஜன்னலுக்குக் கம்பி அடித்தான்.

அதே திங்கட்கிழமை நெரெய்தா கேமிலிருந்து மூச்சை எடுத்தாள்.

"அந்த மூச்சுதான் கேமே," என்றான் ஆல்தோ. "அத எடுத்தா என்ன இருக்கு?"

"அது எங்கம்மா."

அவனுக்கு அது தெரியாது. நாங்கள் சொன்னதில்லை. அவன் உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னலைத் திறந்தான், மூடினான். பிறகு, "எடுத்துடு" என்றான். பதிவை நான் எல்லா இடத்திலிருந்தும் அழித்தேன். அதற்குப் பதிலாக நான்கு மாடி ஓடி ஏறி என் மூச்சைப் பதிந்து பார்த்தேன். மாடி ஏறினவன் மூச்சு மாதிரிதான் இருந்தது. கடைசியில் மூச்சே இல்லாமல் அனுப்பினோம். முப்பதாம் தேதி பார்த்தவர்களுக்குப் பிடித்துத்தான் இருந்தது. கேம் வெளியானது. அந்தக் காரிடாரைப் பற்றி யார் யாரோ எழுதினார்கள். நெரெய்தா எதையும் படிக்கவில்லை.

ஐந்து மாதம் ஒதிலியா அந்தக் காரிடாரில் தனியாகப் போய்வந்தார். ஜனவரியில் கோடை வெயில் வந்ததும் பயம் சமையலறைக்கு இடம் மாறியது. ஒரு பகல் முழுக்கத் தேடி, எதிர்மாடியில் துணி காய்வது கண்ணாடி அலமாரியில் பிரதிபலிப்பதைக் கண்டுபிடித்தோம். அலமாரியைத் திருப்பினோம். மார்ச்சில் மறுபடி காரிடாருக்கே வந்தது. இந்தத் தடவை எங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு வாரம் தேடினோம். முழங்காலில் நின்று பார்த்தோம், படுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு விளக்காக அணைத்தோம், ஏற்றினோம். சுவரில் இருந்த ஆணியைக்கூடப் பிடுங்கினோம். எடுக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அப்படியும் அவர் நின்றார்.

"அந்த எடத்துல இல்ல இத்தாலோ," என்றாள் நெரெய்தா ஒரு நாள். "இனிமே எடத்துல ஒண்ணும் இல்ல."

இப்போது அவள் இப்படிச் செய்கிறாள். அம்மாவுக்கு எதிரே நின்று, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பின்னோக்கி நடக்கிறாள். அப்படி நடந்தால் ஒதிலியாவுக்குக் காரிடார் தெரியாது; மகளின் முகம் மட்டும்தான் தெரியும். பன்னிரண்டு தப்படி. பெரும்பாலான நாட்களில் அது போதும். சில நாட்களில் அந்த முகமே யாருடையது என்று அவருக்குத் தெரிவதில்லை. அன்றைக்கு இருவரும் அங்கேயே கையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பார்கள், தெரியும் வரைக்கும்.